ஒருநாளும் மேடை ஏறாதவர்

எங்கள் நாடகக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் ஒத்திகையன்று எல்லோரும் வட்டமாக இருந்து, இதுவரை எங்கே, என்ன வேஷம் கட்டினோம் என்று சொல்ல வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியின் மேல்மாடி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொடியள் இருந்து படிக்கும் வாங்குகளை ஒதுக்கிவிட்டால் அதுதான் மேடை. சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம். கல்லூரியில் ஒரேயொரு தடவை சேலை கட்டி ராணியாக நின்றதை நான் மூன்று நாடகமாக்கி வைத்திருந்தேன். கொட்டாஞ்சேனை அண்ணருக்கு முன்னால் அதெல்லாம் எடுபடாது. துறைமுகத்தில் வேலை செய்தவர். தவக்காலத்தில் மாதா கோயிலில், யேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்தில் ரோமச் சேவகன். அவர் சவுக்கை ஓங்கினால் முன்வரிசைப் பெண்கள் மண்ணள்ளித் திட்டுவார்களாம்.

அந்த வருஷம் புதிதாக ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மட்டக்குளியில் அக்கா வீட்டில் தங்கி, கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் வேலை செய்தார். அவருடைய முறை வந்தது.

"நான் ஒருநாளும் நடிச்சதில்லை. மேடையே ஏறினதில்லை" என்றார்.

அடக்கமாக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு அவர் நாடகப் பிரதியை வாசிக்கத் தொடங்கினார். திருவிழாக் கூட்டத்தில் மகனைத் தொலைத்த தகப்பனின் பாத்திரம். போகிற வருகிறவர்களை மறித்து, மகன் போட்டிருந்த சட்டையின் நிறத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் அழவில்லை, கத்தவுமில்லை. ஏதோ பிழை செய்தவர் மாதிரிக் குனிந்து, மெல்லக் கேட்டார். நான் என் வசனத்தை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. நடிக்காதவன் இப்படி நடிப்பானா? ஆருக்குக் காதில பூச்சுத்துகிறான்?

தேத்தண்ணிக்கு எழும்பியபோதே குசுகுசுப்பு தொடங்கிவிட்டது.

"வடக்கில இயக்கத்தின்ர தெருநாடகங்களில பழகியிருப்பான். அதுதான் வாய் திறக்கிறானில்லை" என்றார் ஒருவர்.

எனக்கு வேறு சந்தேகம். ஜீப்புக்குள் முகத்தை மூடிக்கொண்டு இருந்து, ஆளைப் பார்த்துத் தலையாட்டிப் பிடித்துக் கொடுப்பவர்கள் கொழும்பில் திரிந்த காலம் அது. இவனும் ஒரு தலையாட்டியோ? அதற்குப் பிறகு அவர் கிட்ட வந்தால் நாங்கள் மழையைப் பற்றிக் கதைத்தோம். "அண்ணை எவடத்தில இருக்கிறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டார். "உதில கிட்டத்தான்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

ஒரு ஞாயிறு சுற்றிவளைப்பு. பொலிஸும் ஆமியும் மாடிக்கு ஏறி வந்து எங்களைச் சுவரோரம் நிறுத்தினார்கள். அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவராகப் பக்கத்து வகுப்பறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முதலில் போனவர் கொட்டாஞ்சேனை அண்ணர். சிங்களம் தண்ணி பட்ட பாடு. திரும்பி வந்தவரின் முகத்தில் ஒரு தெளிவு.

"யாழ்ப்பாண ஐடென்டியைப் பார்த்துட்டு அந்தப் புதுப் பொடியனைப் பத்தித்தான் நிறையக் கேக்கிறாங்க. பயப்படாதீங்க. சின்னதுல இருந்து லீவுக்கு லீவு வந்து எங்கட கோயில் பாஸ்காவில நடிக்கிற பொடியன்னு சொல்லிட்டேன்" என்று காதுக்குள் சொன்னார்.

சந்தேகப்பட்ட ஆளைக் காப்பாற்றவும் ஒரு மனம் வேண்டும். அந்த மனம் அவருக்கு இருந்தது. அதைப் புதியவரிடம் சொல்லிவைக்கத்தான் நேரம் இருக்கவில்லை. அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். எங்கே நடித்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் சொன்னதையே அங்கும் சொல்லியிருக்கிறார். உள்ளே அதிகாரி போட்ட சத்தம் எங்கள் சுவரில் இடித்தது. யாரோ பொய் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தான்தான் சொல்வான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கையைப் பின்னால் கட்டிப் படியிறக்கிக்கொண்டு போனார்கள். அவருக்கு என்ன பிழைத்தது என்றே விளங்கவில்லை. எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

அவருடைய அக்கா எங்களைத் தேடி வந்தா. அண்ணர் மறுபேச்சில்லாமல் அவவோடு பொலிஸுக்குப் போய், தான் சொன்னதுதான் பொய் என்றார். நானும் கூடப் போயிருந்தேன். அதிகாரி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஆளைத் தெற்கே ஒரு முகாமுக்கு அனுப்பியாயிற்று என்றான்.

வெளியே வந்து வெயிலில் நின்றோம். அண்ணர் கண்ணைத் துடைத்தார். ஆனால் பாருங்கள், அப்பவும் அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. எனக்கும்தான்.

"கோவிக்காதீங்க தங்கச்சி. மேடையே ஏறாத ஆள் எப்படி அப்படி நடிச்சார்?"

அக்கா சொன்னா.

"எங்கட மூத்தண்ணையை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. அப்பா முகாம் முகாமா அலைஞ்சு, கண்ட ஆக்களையெல்லாம் மறிச்சு, சட்டை நிறத்தைச் சொல்லிச் சொல்லிக் கேட்டவர். இவன்தான் அப்பான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சவன்."

பிறகு தெற்குப் பக்கம் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டா. தம்பி அன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்றும் எங்களிடம் கேட்டா.