சுக்கூர் மச்சானும் அரை கேலன் பெட்ரோலும்

எங்கள் அக்கா சாரா பீவியைக் கட்டிக்கொடுத்த இடத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. மச்சான் அப்துல் சுக்கூர் பீடி குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், அக்காவை அதட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. சொந்த டாக்சி. திருச்சி ஜங்ஷனில் நின்று ஸ்ரீரங்கம் போகிற சனங்களை ஏற்றிக்கொண்டு போவார். ஆனால் அந்த மனுஷனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கார் ஓட வேண்டும், பெட்ரோல் மட்டும் செலவாகக் கூடாது. இந்தக் கூத்தை ஐம்பத்திரண்டிலிருந்து பக்கத்திலேயே இருந்து பார்த்து வயிறெரிந்தவன் நான்.

டேங்கை அவர் ரொப்பியதே கிடையாது. அரை கேலன் போடுவார், தீர்ந்தால் இன்னொரு அரை கேலன். கேட்டால், "பெட்ரோலுக்கும் கனம் இருக்குல்ல நஜீமு? அந்தக் கனத்தை இழுக்க வேற பெட்ரோல் குடிக்குமே" என்பார். தினமும் காலையில் என் சைக்கிள் கடைக்கு வந்து என் பம்பை எடுத்து நாலு டயருக்கும் கல் மாதிரி காற்றடிப்பார். டயர் அமுங்கினால் வண்டி திணறுமாம். ஏறுகிறவர்களின் இடுப்பு திணறுவதைப் பற்றி அவருக்கென்ன!

ஜங்ஷன் ரயில் பாலம் ஏறும்போது எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். உச்சியில் ஏறிக்கொள்ளலாம். அங்கே இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் சும்மா உருட்டுவார். ஜன்னலுக்கு வெளியே முழங்கையை நீட்டினால், "உள்ள வெய்ங்க, காத்து புடிக்குது" என்று சத்தம் போடுவார். பிரேக் என்றால் அவருக்கு வேப்பங்காய். பெட்ரோல் செலவழித்துச் சேர்த்த வேகத்தை மிதித்துக் கொல்லுகிற சாமான் என்பார். ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரம் கண்ணில் பட்டதும் இன்ஜினை அணைத்துவிடுவார். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் இறங்க வேண்டும்.

"ஓய், எங்காம் உத்தர வீதியில இருக்கு. இங்கே நடுத்தெருவில இறக்கி விடறீரே?" என்று ஒரு ஐயங்கார் கத்தியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இன்னிக்கு எதிர்க்காத்து சாமி" என்றார் மச்சான். அவ்வளவுதான் பதில்.

இதெல்லாம் ஊரான் பாடு என்று விட்டுவிடலாம். மகள் வஹீதாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. புதுக்கோட்டையில் ஒரு நல்ல பையன் வந்தான். "போற வழியெல்லாம் மேடு. மகளைப் பாக்க ஒவ்வொரு தடவையும் மேடேற முடியுமா?" என்று தட்டிவிட்டார். மணப்பாறை இன்னும் மேடு என்று அதையும் விட்டார். பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். கடைசியில் லால்குடியிலிருந்து பரக்கத் அலி வந்தான். நெல் வியாபாரம் செய்கிற முகம்மது கனியின் மகன். வழி நெடுக வயலும் வாய்க்காலுமாக ஒரே சமதரை என்பதால் மச்சான் உடனே தலையாட்டினார். வஹீதா அதற்கு முன்பே, உறவுக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றில் பையனைப் பார்த்திருந்தாள். "இதையும் அத்தா கெடுத்தா, எனக்கு இனிமே யாரையும் பாக்க வேணாம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்லுகிற பெண் இல்லை.

முகம்மது கனி வேறெதுவும் கேட்கவில்லை, ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்க ஊர்ல எல்லா மாப்பிள்ளையும் மாட்டு வண்டியிலதான் ஊர்வலம் போறான். எம் மகன் மோட்டார்ல வரணும், சம்மந்தி. ஊரே பாக்கணும்."

"இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு வந்த மச்சான், வீட்டில் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் முன்னால் பேண்டு, பின்னால் ஆள் நடக்கிற வேகத்தில் கார். "ஃபர்ஸ்ட் கியர்லயே பாலமேறி வரணும்டா! பெட்ரோலைக் குடத்துல எடுத்துத் தெருவுல ஊத்தற மாதிரி!" என்று புலம்பினார். பெண் வீட்டுக்காரர் எல்லாரும் கல்யாணச் செலவுக்குத்தான் பயப்படுவார்கள். இவர் கியருக்குப் பயந்தார்.

கல்யாணத்தன்று பாலத்துக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டாரைத் தங்க வைத்திருந்தோம். இந்தப் பக்க இறக்கத்தில் எங்கள் வீடு. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நான் போய்ப் பார்க்கிறேன், மல்லிகைச் சரம் சுற்றிய காரைச் சுற்றித் தெரியாத முகங்கள். எல்லாரும் தொப்பி போட்டு அத்தர் பூசியிருந்தார்கள். கிட்டப் போனால், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற பிச்சைமுத்துவும் அவன் ஆட்களும்!

"பொண்ணு வீட்டு ஆளுங்கன்னு சொல்லச் சொல்லியிருக்காருங்க" என்று பிச்சைமுத்து இளித்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. பேண்டு சத்தத்தில் இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியப் போகிறது? மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டு போவது, அப்புறம் இறக்கத்தில் உருட்டுவது. அட படுபாவி மனுஷா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

மேடு வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. நெற்றியில் கட்டித் தொங்கவிட்ட பூச்சேரா முகத்தை மறைக்க, பரக்கத் அலி கம்பீரமாக உட்கார்ந்திருந்தான். கனி மீசையைத் தடவிக்கொண்டு பின்னால் நடந்தார். உச்சியில் பிச்சைமுத்து ஆட்கள் கையை எடுத்தார்கள்.

கார் கிளம்பியது பாருங்கள்! பேண்டுக்காரர்கள் டிரம்மோடு இரண்டு பக்கமும் தாவினார்கள். நானும் கனியும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினோம். எங்கள் வீட்டு வாசலில் பெண்கள் சந்தனமும் பன்னீர்ச் செம்புமாக நின்றார்கள். அவர்கள் தெளித்த பன்னீர் தரையில் விழுந்தது, கார் அங்கே இல்லை. மாடி ஜன்னலில் நின்ற வஹீதா, "அம்மா, அவரு போயிட்டாரு" என்றாளாம்.

இறக்கம் தீர்ந்து கறிக்கடை வாசலில்தான் கார் நின்றது. நாங்கள் போய்ச் சேருவதற்குள், அங்கே கட்டியிருந்த ஆடுகள் காரின் மல்லிகையை மேய்ந்துவிட்டு, ஜன்னலுக்குள் தலையை விட்டு மாப்பிள்ளையின் பூச்சேராவைத் தின்றுகொண்டிருந்தன. பரக்கத் அலி ஆடாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்தப் பொறுமை அல்லாஹ் கொடுத்தது.

"பிரேக் புடிக்கலியா மச்சான்?" என்று கத்தினேன்.

"காலை வெச்சேன் நஜீமு. இவ்வளவு நல்ல ஓட்டம் வீணாப் போயிடுமேன்னு ஒரு நினைப்பு வந்துடுச்சு."

முகம்மது கனிக்கு மூச்சு வாங்கியது, கண் சிவந்தது. "எம் மகன் என்ன நெல்லு மூட்டையா, தள்ளிக்கிட்டு போக? இன்ஜின் சத்தம் கேக்காம இந்த ஊர்வலம் உங்க வாசலுக்கு வராது. இல்லேன்னா இப்பவே லால்குடிக்கு பஸ் ஏறுறோம்!" என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

எனக்கு வந்த கோபத்துக்கு மச்சானென்றும் பார்க்கவில்லை. "ஒங்க மக ஜன்னல்ல நிக்கிறா. இன்னிக்காவது எரிங்க மச்சான், உள்ளதெல்லாம் எரிங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது, பச்சை முக்காடு மட்டும் தெரிந்தது. சாவியைத் திருகினார். வண்டியை வந்த பக்கமே திருப்பி ஃபர்ஸ்ட் கியர் போட்டார். கார் உறுமிக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் மேடேறியது. போதாதென்று ஹாரனையும் அடித்தார். பல்வலிக்காரன் மாதிரி கன்னத்தை இறுக்கிக்கொண்டு அவர் ஓட்டியதை நான் பக்கத்தில் நடந்தபடி பார்த்தேன். வாசலுக்கு வந்ததும் டேங்க் வறண்டு இன்ஜின் நின்றது. கனி சிரித்துவிட்டார். நிக்காஹ் நடந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் காரில் கொண்டுபோய் விடுவது எங்கள் வேலை. நான் முன்சீட்டில். பங்க்கில் நிறுத்தி, "ரொப்பு" என்றார் மச்சான். பங்க்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "அரை கேலன்தானேங்க?" என்று மறுபடி கேட்டுக்கொண்டார்.

காவிரிப் பாலம் தாண்டி நேரே போக வேண்டிய கார், மாம்பழச்சாலையில் ஸ்ரீரங்கம் பக்கம் திரும்பியது. வீதி வீதியாகச் சுற்றியது. திருவானைக்கோவில் வந்து, கொள்ளிடம் வரைக்கும் போய், மறுபடி ஸ்ரீரங்கத்துக்கே திரும்பியது. இந்த ஊரில் ஒரு சந்து மிச்சமில்லாமல் குறுக்கு வழி தெரிந்த மனுஷன் அவர்.

"மாமா, லால்குடிக்கு இப்படியா போகணும்?" என்று பரக்கத் அலி மெல்லக் கேட்டான்.

"கொஞ்சம் சுத்துதான் மாப்பிள்ளே. ரோடு நல்லா இருக்கும்."

பின்னால் வஹீதா, "அத்தா ஓட்டட்டும், விடுங்க" என்றாள். அவள் குரல் சரியாக வரவில்லை.  அன்றைக்கு நான் அவரைத் திட்டவில்லை.

லால்குடியில் கனி வீட்டு வாசலில் பிரேக் போட்டு நிறுத்தினார். பெண்கள் தட்டோடு வெளியே வந்தார்கள். வஹீதா இன்னும் இறங்கவில்லை, முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நின்ற இடத்தில் இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நான் பழக்கதோஷத்தில் சாவியை அணைக்கப் போனேன்.

மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு நஜீமு. அவ இறங்கற வரைக்கும் ஓடட்டும்" என்றார்.