மன்றாட்டில் நான் வாசிக்காத பெயர்

தமிழ்நாட்டு அகதி முகாமில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, மன்னாரில் அரிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பியபோது எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குக் கூரை இல்லை. தகரம் போட்டுப் பூசை தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சனத்தின் சார்பில் வேண்டும் மன்றாட்டுகளை எழுதி வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

தேர்தல் நேரம், எங்கள் சமயத்தவரான ஒரு வேட்பாளர், பூசை முடிய பீடத்தடியில் நின்று நாலு வார்த்தை பேச விரும்பினார். "இது கோயில், உங்கட மேடை இல்லை" என்றேன். சுவாமியாரும் என் பக்கம் நின்றார். அன்று வீடு வரைக்கும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அடுத்த கிழமை பக்கத்து வளவு அக்கா வந்தார். யுத்தத்தின் கடைசி நாட்களில், சரணடையச் சொன்ன இடத்தில் தன் கணவரை இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். அதன்பின் கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"தம்பி, மன்றாட்டில என்ர மனிசன்ர பேரைச் சொல்லுங்கோ. காணாமல் ஆக்கப்பட்டவர் எண்டு சொல்லுங்கோ."

"காணாமல் போன எல்லாருக்காகவும் எண்டு பொதுவாச் சொல்லுறன், அக்கா."

"அவர் எங்கயும் போகேல்லை. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான்."

"அப்பிடிச் சொன்னால் அரசியலாப் போயிடும். கோயிலுக்குள்ள வேண்டாம்."

அவர் போகத் திரும்பினார். "அரசாங்கக் கந்தோரிலயும் இதைச் சொல்லித்தான் கலைச்சவங்கள்" என்றார்.

உண்மை என்னவென்றால், அந்த நாட்களில் கோயிலின் கடைசி வரிசை வாங்கில் ஊருக்குப் பழக்கமில்லாத இரண்டு பேர் வந்து இருப்பார்கள். சிலுவை அடையாளம் போடத் தெரியாதவர்கள்; யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுப்போக வந்தவர்கள். எனக்கு வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். பயந்தேன். வேதம் வேறு, அரசியல் வேறு என்று அந்தப் பயத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு, "காணாமல் போனவர்களுக்காக" என்று வாசித்தேன். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் சொல்லி முடிக்குமுன் அக்கா எழும்பி வெளியே போனார். அதன்பிறகு பூசைக்கு வரவில்லை. மடு மாதா திருவிழாவுக்கு ஊரே பஸ் பிடித்துப் போனபோதும் அவர் வரவில்லை.

சில வருடம் கழித்து முருங்கனில் பஸ்ஸுக்கு நிற்கையில் அவரைக் கண்டேன். கையில் ஒரு பைல். நானாகத்தான் பேச்சை எடுத்தேன்.

"அக்கா, வாற ஞாயிறு பேரைச் சொல்லி வாசிக்கிறன். நீங்கள் கேட்ட மாதிரியே."

"வேண்டாம் தம்பி. காணியை மகளின்ர பேருக்கு மாத்த அவற்ர மரணச் சான்றிதழ் கேட்டவங்கள். எடுத்திட்டன்." பைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். "இனி நீங்கள் பயமில்லாமல் வாசிக்கலாம். செத்தவைக்கு மன்றாடுறது அரசியல் இல்லைத்தானே?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் நேரம் கேட்பதுபோலக் கேட்டார்.

கார்த்திகையில், மரித்தவர்களுக்கான பூசையில், நீண்ட பட்டியலின் நடுவே அந்தப் பெயரை வாசித்தேன். யாரும் தலை நிமிர்த்தவில்லை. அக்கா வரவில்லை.