தறிகளோடு வந்த ஜெர்மானோ

ஓமானில் சோஹார் தொழிற்பேட்டையில் இருந்த கம்பளி மில்லுக்கு ஜெர்மானோ வந்தது 2004இல். அவருக்கு முன்பே அவருடைய தறிகள் வந்து இறங்கியிருந்தன. போர்ச்சுகலில் மூடிப்போன மில் ஒன்றிலிருந்து முதலாளி அவற்றை மொத்தமாக வாங்கிக் கப்பலில் ஏற்றியிருந்தார். பூட்டி ஓட்டிக் காட்ட ஆள் வேண்டும் என்றபோது, அதே மில்லில் சிறுவயது முதல் வேலை பார்த்த ஃபிட்டர் தானாகவே வருகிறேன் என்றார். ஆறு மாதம் என்று வந்தவர் அப்படியே தங்கிவிட்டார்.

பெயரைக் கேட்டுவிட்டு தொழிலாளர் கேம்பில் எல்லோரும் அவரை ஜெர்மனிக்காரர் என்றே நினைத்தார்கள். குமாரபாளையத்திலிருந்து வந்திருந்த பாலகுருவுக்குத்தான் முதலில் உண்மை தெரிந்தது. தறி ஃபிட்டராக இருந்த பாலகுருவை அவருக்குத் துணையாகப் போட்டிருந்தார்கள். முதல் வாரம் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. பாலகுரு ஸ்பேனரை எடுத்தாலே ஜெர்மானோ அதைப் பிடுங்கிக்கொள்வார். தன் மொழியில் கத்துவார்.

"விசைத்தறிச் சத்தத்துல பொறந்து வளர்ந்தவன் நானு. எனக்கு நட்டு முடுக்கத் தெரியாதாமா?" என்று அறையில் வந்து பொருமினான் பாலகுரு.

"அவன் பொண்டாட்டிய நீ தொட்ட மாதிரியில்ல பாக்குறான்," என்றான் பக்கத்துக் கட்டில்காரன் நூஹு. கீழக்கரைக்காரன், சாயப் பிரிவில் வேலை.

நூஹு சொன்னது ஒருவகையில் சரிதான். ஜெர்மானோவின் மனைவி இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவளும் அதே மில்லில் நெய்த துணியில் இழை விட்டுப்போன இடங்களை ஊசியால் சேர்க்கிறவளாக இருந்தாள். இதையெல்லாம் அவர் சொன்னது பின்னால், மதியச் சாப்பாட்டு நேரங்களில், பாதி ஆங்கிலத்திலும் கேம்பில் கற்ற கால்வாசி இந்தியிலும்.

அவர் ஊரின் பெயர் கொவில்யா. "கோயில் இருக்கிற ஊரா?" என்று நூஹு கேட்டதிலிருந்து கேம்பில் எல்லோருக்கும் அது கோயிலூர் ஆகிவிட்டது. மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிற ஊர். மேலே பனி, அதற்குக் கீழே ஆடுகள், ஆட்டு ரோமத்தை நம்பி ஊர் முழுக்க மில்கள். மலையிலிருந்து இறங்கும் இரண்டு ஓடைகள்தான் ஒரு காலத்தில் அந்த மில்களைச் சுற்றவைத்தன. பட்டாளத்துக்கும் துரைமார்களுக்கும் அங்கிருந்துதான் துணி போனது. சாயத்தண்ணீர் ஓடையில் கலந்து ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் நீலமாகவும் ஓடுமாம். இன்றைக்கு எந்த மில்லில் என்ன துணி என்று அவருடைய அம்மா ஜன்னலிலிருந்து பார்த்தே சொல்லிவிடுவாளாம்.

"எங்க காவேரிக்கும் அதேதானுங்க," என்றான் பாலகுரு. "என்ன, எங்களுக்கு அது கருப்பா ஓடும்."

அன்றைக்குத்தான் ஜெர்மானோ முதல்முறையாகச் சிரித்தார். அதற்கப்புறம் ஸ்பேனரைப் பிடுங்கவில்லை.

ஒருமுறை லீவில் போய்த் திரும்பும்போது ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஒன்று கொண்டுவந்தார். உறையை அவிழ்த்ததும் அறையே நாறியது. பாலை எதைப் போட்டு உறையவைத்தது என்று நூஹு சந்தேகமாகக் கேட்டான். ஏதோ முள்செடியின் பூவைப் போட்டு என்றார் ஜெர்மானோ. ஹலால் இல்லாத ஆட்டுக் குடல் எதுவும் இல்லை, பூதான் என்றதும் நூஹு ஒரு துண்டு வாங்கித் தின்றான். பிறகு குப்பூஸ் ரொட்டியில் தடவித் தடவித் தீர்த்ததும் அவன்தான்.

வெள்ளிக்கிழமைகளில் பாலகுருவும் அவரும் கடற்கரைக்கு நடப்பார்கள். ஒருநாள் அவர் கடலில் வடக்கே கையைக் காட்டினார். "எங்க ஊர்க்காரன் ஒருத்தன், ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்தான். ஹோர்முஸ், உங்க கள்ளிக்கோட்டை, எல்லாம் பார்த்தான். ராஜாவுக்கு உளவு. கடைசியில் அபிசீனியா போனான். அங்கே அவனைத் திரும்பிப் போக விடவில்லை. அங்கேயே செத்தான். ஊர்ச் சதுக்கத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது."

"வீட்டுல யாராச்சும் இருந்தாங்களா அவனுக்கு?"

"பெண்டாட்டி இருந்தாள். அவளுக்குச் சிலை இல்லை."

ஜெர்மானோவுக்கு ஒரே மகள், இனேஷ். அவர் வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. அத்தை வீட்டில் இருந்தாள். அவர் போன் செய்யும்போதெல்லாம் அத்தைதான் பேசுவாள். மகள் வெளியே போயிருக்கிறாள் என்று சொல்வாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வெளியேதான் போயிருந்தாள். அவர் அதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். "படிக்கிறாள். படிக்கட்டும்," என்பார்.

2008 ஜனவரியில் ஒரு காலை, பாவு நூல் ஏற்றி முடித்துத் தறியை ஓட்டிவிட்டார்கள். ஓரத்தில் ஒரு இழை அறுந்தது. "நிறுத்து, பாலா," என்றார் ஜெர்மானோ. பாலகுரு சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினான். அவர் தறியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றிருந்தார். இழையைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தான். கிட்டே போய்த் தோளைத் தொட்டபோது சரிந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

உடலை எடுத்துப்போக இனேஷ் வந்தாள். அப்பாவின் அதே நீண்ட மூக்கு. மில்லைப் பார்க்கவேண்டும் என்றாள். மேனேஜர் வெங்கட்ராமன் பாலகுருவைக் கூடப் போகச் சொன்னார். அன்றைக்கு ஷிஃப்ட் இல்லை. தறிகள் நின்றிருந்தன. அவள் வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்தாள்.

"ஊரில் பழைய மில்களையெல்லாம் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது," என்றாள். "இவை நின்ற கூடம் இப்போது எங்கள் நூலகம். தரையில் போல்ட் குழிகள் இன்னும் இருக்கின்றன. அதன்மேல் நாற்காலி போட்டுத்தான் நான் படிக்கிறேன்."

பாலகுருவுக்கு அவள் ஆங்கிலம் முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினான்.

"அவர் கடைசியாக என்ன சொன்னார்?"

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் வந்திருந்தான். உன் பெயரைத்தான் சொன்னார் என்று சொல்லிவிடலாம். வாய் வரவில்லை.

"நிறுத்துன்னாருங்க. நூல் அறுந்துபோச்சு. அதான் நிறுத்தச் சொன்னாரு."

அவர் கடைசியாக நின்ற தறி எது என்று அவள் கேட்டாள். காட்டினான்.

"இங்கே சந்தோஷமாக இருந்தாரா?"

"வேலை இருந்துச்சுங்க. வேலை இருந்தா அவரு நல்லாத்தான் இருப்பாரு."

"வேலை ஊரிலும் கொடுக்கிறோம் என்றார்கள். வேறு மில்லில். அம்மா போனபிறகு வீட்டில் நானும் அவரும்தான். அவர் இவற்றோடு வந்துவிட்டார்." தறியின் மேலிருந்த ரோமத்தூசியை விரலால் வழித்தாள். "எனக்குக் கோபம். ஒருநாள் தீரும், அப்போது பேசலாம் என்று இருந்தேன். அதற்கு நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்."

மறுநாள் மஸ்கட்டிலிருந்து உடல் போனது.

அன்று சாயங்காலம் பாலகுரு வீட்டுக்குப் போன் போட்டான். மனைவி ஜோதிமணி எடுத்தாள்.

"யாழினியக் கூப்புடு. பேசோணும்."

"டிவி பாத்துட்டு இருக்கறா. எந்திரிக்க மாட்டேங்கறா. நாளைக்குப் பேசுங்க."

மகள் யாழினிக்கு அப்போது பத்து வயது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடைத்த லீவுகளைச் சேர்த்தால் அவன் அவளோடு இருந்தது சில மாதங்கள். மறுநாளே வெங்கட்ராமனிடம் போய், கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள் என்றான்.

"இருந்த ஃபிட்டரும் போயாச்சு. நீயும் போனா தறிய நானா ஓட்டுவேன்? ஆர்டர் முடியட்டும்ப்பா," என்றார் அவர்.

பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. ஆர்டர் முடிந்தது. அதற்குப் பிறகு புது ஆர்டரே வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது என்றார்கள். ரோம மூட்டைகள் வருவது நின்றது, பிறகு ஷிஃப்ட் ஒன்றானது, பிறகு முதலாளி மில்லை மூடினார். இந்தத் தடவை தறிகளை வாங்க எந்த நாட்டிலும் ஆளில்லை. பழைய இரும்புக்காரன்தான் வந்தான்.

பிரித்துப்போட பாலகுருவையும் நூஹுவையும் விட்டார்கள். மற்றவர்கள் கேஸ் கட்டரால் வெட்டினார்கள். பாலகுரு எண்ணெய் விட்டு ஒவ்வொரு நட்டாகக் கழற்றினான்.

"எதுக்குப்பா இந்த வேலை? உருக்கத்தானே போறான். வெட்டிப் போடு, கலாஸ், முடிஞ்சுது," என்றான் நூஹு.

பாலகுரு அடுத்த நட்டுக்கு எண்ணெய் விட்டான். கழற்றிய பாகங்களை வரிசையாக அடுக்கிவைத்தான். லாரிக்காரன் அவற்றைக் கலைத்து அள்ளிப்போட்டுக்கொண்டு போனான்.

2009 மார்ச்சில் ஊர் வந்து சேர்ந்தான். யாழினி அம்மாவின் பின்னால் நின்றுகொண்டு, விருந்தாளியிடம் சொல்வதுபோல, "வாங்க" என்றாள். கொண்டுவந்த சாக்லேட்டை வாங்கிக்கொண்டாள். பழகிவிடுவாள் என்றாள் ஜோதிமணி. பாலகுருவும் அப்படித்தான் நினைத்தான். பக்கத்துத் தெரு விசைத்தறிக் கூடத்தில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. அவன் வீட்டில் இருந்தால் யாழினி பாடம் படிக்க உள்ளறைக்குப் போய்விடுவாள். "அவருக்கு டீ போடவான்னு கேளும்மா," என்று அம்மாவிடம்தான் சொல்வாள்.

ஆடி மாதத்தில் ஒரு காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது. பாலகுரு வாசலில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். எழுந்து ஓரடி வைத்தான். அதற்குள் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், "கார்மேகம் மாமா, செயின் மாட்டிக் குடுங்க," என்று கூப்பிட்டாள். கார்மேகம் வந்து குனிந்து மாட்டினார். அவள் ஏறி மிதித்துத் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பாலகுரு ஷிஃப்டுக்குக் கிளம்பினான்.