குமுளியில் டீச்சருக்கு விழா எடுத்தோம், செல்வியின் காகிதத்தைத் தொலைத்தோம்

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்பு. மணி பதினொன்றே முக்கால். மூன்று வயது யாழினி இப்போதுதான் தூங்கினாள். மலையிலிருந்து இறங்கியதிலிருந்து லேசாக உடம்பு சுடுகிறது; ஒரு கை அவள் நெற்றியில், ஒரு கை போனில். காலையில் எழுதலாமே என்றார் கணவர். முடியாது. வியாழக்கிழமைக்குள் ஒரு பழைய காகிதம் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற ஓர் அம்மாவின் மகள் செல்விக்குக் கிடைத்த நர்சிங் இடம் போய்விடும். இன்று செவ்வாய்.

வழக்கம்போல் பயணத்தையே சொல்லிக்கொண்டு வருகிறேன். அந்தக் காகிதமும் வழியில்தான் தொலைந்தது.

எனக்கு எம்.ஏ. வரலாறு கற்றுக்கொடுத்தவர் கனகவல்லி டீச்சர். பேராசிரியர்தான், ஆனால் எங்கள் பக்கம் பல்கலைக்கழகத்திலும் டீச்சர் டீச்சர்தான். பெரியாறு பக்கத்து எஸ்டேட்டில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பாலக்காட்டில் முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தி, ஓய்வு பெற்றதும் குமுளிக்கே திரும்பிவிட்டார். அவருக்குப் பாராட்டு விழா என்று பழைய மாணவர் குழுவில் செய்தி வந்தது. விழா ஞாயிறு காலை பத்து மணிக்கு. நான் சனிக்கிழமையே கிளம்பினேன்.

கோபாலபுரத்தில் எங்கள் வீடு கேரள எல்லைச் செக்போஸ்டுக்கு நடக்கிற தூரம். காலை 5.40-க்குப் பொள்ளாச்சி டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து பழநி 65 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 60 ரூபாய். பழநியில் இட்லி. அங்கிருந்து தேனிக்கு மூன்றே கால் மணி நேரம், 105 ரூபாய். தேனி – குமுளி 65 கிலோமீட்டர், 58 ரூபாய். கம்பம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் யாழினி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மூன்று பிளாஸ்டிக் பை கொண்டுபோயிருந்தேன், போதவில்லை. கண்டக்டர் தன் சாப்பாட்டுப் பையைக் காலி செய்து கொடுத்து, "பிள்ளைக்குப் பால் குடுத்தீகளா? மலை ஏறும்போது பால் குடுப்பாகளா தாயி?" என்று திட்டினார். திட்டு வாங்கியதில் தப்பே இல்லை. மாலை 3.10-க்குக் குமுளி. லாட்ஜ் ஒரு நாளைக்கு 900 ரூபாய், சுடுதண்ணீர் காலையில் மட்டும்.

டீச்சரைப் பற்றிச் சொல்லாமல் விழாவைச் சொல்ல முடியாது. முதல் வருடம் முதல் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வேலை கொடுப்பார்: உன் வீட்டுப் பெட்டியில் இருக்கிற மிகப் பழைய காகிதத்தைக் கொண்டு வா, அது என்ன சொல்கிறது என்று நாலு பக்கம் எழுது. நான் தாத்தாவின் மாங்காய் லாரி பெர்மிட்டைக் கொண்டுபோனேன். எஸ்டேட் பிள்ளைகள் வேறு மாதிரிக் காகிதங்கள் கொண்டு வருவார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமானால், குடும்பம் 1950-க்கு முன்பே கேரள மண்ணில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். லயத்தில் குடியிருப்பவனுக்குப் பட்டா ஏது, பத்திரம் ஏது? டீச்சர் அந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்து, எஸ்டேட் ஆபீஸ், பள்ளிக்கூடப் பதிவேடு என்று அலைந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல் கட்டுவார். பிறகு தானே வில்லேஜ் ஆபீஸ் வரிசையில் அவர்களோடு நிற்பார். வகுப்பில் பாடம் போலச் சொல்லிக்கொண்டே இருப்பார்: "காப்பியைக் குடு. மூலத்தை எவன் கேட்டாலும் கையை விட்டுக் குடுக்காதே."

நான் கல்யாணமாகி, ஆய்வேட்டை முடிக்காமல் படிப்பை நிறுத்த இருந்தேன். எட்டு மாதம் ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "எத்தனை பக்கம் எழுதினே?" அவ்வளவுதான். மாமியார்கூடக் கடைசியில், "ஆறு மணியாகப் போகுது, போயி எழுது கண்ணு, அந்தம்மா கூப்பிட்டுருவாங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அப்படித்தான் நான் எம்.ஏ.

இனி விழா. பத்து மணி என்றது பதினொன்றரைக்குத் தொடங்கியது. டீச்சரை மேடை நடுவில் ஒரு சிம்மாசன நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பதினான்கு பேர் பேசினார்கள். அதில் டீச்சரிடம் படித்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் தங்கள் கட்சி, தங்கள் சங்கம், தங்கள் ரிசார்ட். ஒருவர் டீச்சரின் பெயரையே கனகாம்பாள் என்றார். எழுபது வயது மனுஷிக்கு இரண்டரை மணி நேரத்தில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. நான் யாழினியின் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் டீச்சர் எழுந்தபோது, விழாக் குழுத் தலைவர் சுகுமாரன் கடிகாரத்தைக் காட்டி, "டீச்சர், ரெண்டே நிமிஷம். சாப்பாடு ஆறுது" என்றான். சுகுமாரன் என் வகுப்புத் தோழன். எஸ்டேட்டில் பிறந்தவன். இன்று அவன் உட்கார்ந்திருக்கும் அரசாங்க நாற்காலி டீச்சர் கட்டிக்கொடுத்த ஃபைலால் வந்தது.

வாசலில் 'டீச்சரின் பாதை' என்று ஐந்து தெர்மாகோல் போர்டுகள் வைத்திருந்தார்கள். புகைப்படங்கள், கடிதங்கள், பழுப்பேறிய தாள்கள். எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். நானும் யாழினியை நிறுத்தி எடுத்தேன். ஒட்டியிருப்பது காப்பியா மூலமா என்று நான் பார்க்கவில்லை. வரலாறு படித்தவள் நான், பார்க்கவில்லை.

மறுநாள் திங்கள் காலை விடைபெறலாம் என்று டீச்சர் வீட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு கிலோமீட்டர், ஆட்டோ 100 ரூபாய். காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது செல்வியின் அம்மா மாரியம்மா வந்தார். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"டீச்சரே, நாளைக்குச் செல்வி சாதி சர்டிபிகேட்டுக்கு ஹியரிங்கு. ஒரிஜினலோட வரணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாக. எங்க பாட்டி பேரு இருக்குற அந்தச் செக்ரோல் காயிதத்தைக் குடுங்க."

செக்ரோல் என்றால் எஸ்டேட்டில் யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று பதிகிற தாள். லயத்துக் கூரை ஒழுகுவதால் அதை டீச்சரின் இரும்பு பீரோவில் வைத்திருந்தார்கள். டீச்சர் பீரோவைத் திறந்தார். ஃபைல் இருந்தது. உள்ளே காப்பி மட்டும்தான் இருந்தது.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "போன வாரம் சுகுமாரன் வந்தான். டிஸ்ப்ளேக்கு ஏதாச்சும் குடுங்க டீச்சர்னான். என் பசங்கதானேன்னு ஃபைலையே குடுத்தேன். எழுதிக்கூட வாங்கலை. திருப்பிக் குடுத்தப்பப் பிரிச்சும் பாக்கலை."

"போர்டுல இருக்கும், பறிச்சுக்கலாமில்ல?" என்றார் மாரியம்மா. அவருக்கு இன்னும் புரியவில்லை. விழா முடிந்தால் போர்டை யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சுகுமாரனுக்கு நான் போன் போட்டேன்.

"காப்பி ஃபைல்லயே இருந்துதே, அதை ஒட்டக் கூடாதாடா?"

"அட, பழுப்பாத் தெரிஞ்சாத்தான் போட்டோல எடுப்பா இருக்குமுன்னு டிசைன் பண்ற பையன் சொன்னான். ஒரு பேப்பருக்கு இத்தனை டென்ஷனா? நா இப்ப மீட்டிங்ல இருக்கேன்."

"உன்ற சர்டிபிகேட்டுக்குக் குடுத்த பேப்பரை இப்படிப் போர்டுல ஒட்டியிருந்தா நீ இன்னைக்கு எந்த மீட்டிங்ல இருப்பே?"

போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாரியம்மாவோடு ஹாலுக்கு ஓடினேன். அங்கே வாட்ச்மேன் சேட்டன் தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்: "மூணு போர்டு ஆக்ரிக்கடைக்குப் போயி. ரெண்டெண்ணம் ஃபங்ஷனுக்கு வந்தவங்க ஓர்மைக்குன்னு சொல்லி வண்டியில கேற்றிக்கொண்டு போனாங்க. வெள்ளை வண்டி. தமிழ்நாடு நம்பரா, கேரள நம்பரா, ஞான் நோக்கியில்லா."

பழைய சாமான் வாங்கும் அந்த ஆக்ரிக்கடை ஒரு கிலோமீட்டர். போர்டுகள் மூன்றும் மழையில் நனைந்து கிடந்தன. ஒன்றில் டீச்சரின் பணி ஓய்வுப் படம், அதன் மேல் யாரோ கால் வைத்த சேற்றுத் தடம். செக்ரோல் இல்லை. மாரியம்மா அந்தப் படத்தை முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டார். "காயிதம் போனா போகுது, டீச்சரை இங்கிட்டுப் போட்டுட்டுப் போக முடியுமா" என்றார்.

மதியம் டீச்சர் முந்தின நாள் போர்த்திய பொன்னாடைகளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஹியரிங் நடக்கிற ஆபீசுக்குக் கிளம்பினார். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, "தப்பு என்னோடது, இந்தப் பிள்ளையோடது இல்லை" என்று எழுதிக்கொடுத்து, வியாழன் காலை பதினொரு மணி வரை நேரம் வாங்கி வந்தார். நேற்று இரவு அவர் வீட்டில்தான் தங்கினேன். இன்று காலை 6.15-க்குக் குமுளியில் பஸ் ஏறி, மாலை நாலே முக்காலுக்குக் கோபாலபுரம்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: குமுளியில் செக்போஸ்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் நின்றால் கம்பம், தேனி பஸ் உடனே கிடைக்கும். மலையில் குழந்தையோடு முன்சீட்டில் உட்காருங்கள், பால் கொடுக்காதீர்கள், ஐந்து பையாவது எடுத்துப் போங்கள். ஏலக்காய் வாங்கினால் உடைத்து மோந்து பார்த்து வாங்குங்கள். ஆசிரியருக்கு விழா எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: அவரிடமிருந்து எதையும் வாங்கி வராதீர்கள். அவர் செய்துகொண்டிருக்கிற வேலையில் ஒரு பங்கை எடுத்துச் செய்யுங்கள், சால்வையை விட அது மலிவுதான். கனகவல்லி டீச்சர் எழுபது வயதிலும் பாராட்டு வாங்கிய மறுநாள் வரிசையில் நிற்கிறார், நாங்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த ஞாயிறு விழாவுக்கு வந்து, நினைவுக்காகப் போர்டு எடுத்துப் போனவர்களே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்பினால்தான் எடுத்திருப்பீர்கள். போர்டைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புத் தாள், சிவப்புக் கோடுகள், ஏழாவது வரியில் ஆங்கிலத்தில் மாரியம்மாவின் பாட்டி கருப்பாயியின் பெயர், கீழே ஊதா முத்திரை. ஒட்டியிருந்தால் கிழித்து எடுக்க வேண்டாம், போர்டோடு அப்படியே வைத்திருங்கள். பாலக்காடோ மதுரையோ, நீங்கள் எங்கே இருந்தாலும் நாளையே பஸ் ஏறி நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். யார் எடுத்தார்கள் என்று தெரிந்தவர்களும் சொல்லலாம். போன் பக்கத்திலேயே இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.