முதலில் ஒரு மெஷின்

தில்லியின் மே மாத வெயிலிலும் அந்த அம்மாள் ஸ்வெட்டரோடுதான் இருப்பார். எங்கள் ஆய்வுக்கூடத்தின் இருநூறு கம்ப்யூட்டர்களும் ஓடும் குளிரறை அவர் பொறுப்பு. எல்லாவற்றிலும் ஒன்றுபோல ஏற்றவேண்டிய புது மென்பொருள் தொகுப்பு, அதாவது சிஸ்டம் இமேஜ், வந்தால், முதலில் ஒரே மெஷினில் ஏற்றி ஒரு வாரம் ஓடவிட்டு, கோளாறு ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவற்றில் ஏற்றுவார்.

மந்திரி பார்வையிட வருவதற்குள் எல்லாம் புதிதாக இருக்கவேண்டும் என்று நான் போய் நின்றேன்.

"இன்னிக்கே எல்லாத்துலயும் ஏத்திடுங்க. ஜல்தி!"

"மாட்டேன் சார்."

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் சொல்றேன்ல?"

"அச்சா. உங்க வானிலைக் கணக்கு பன்னெண்டு நாளா ஒரு மெஷின்ல ஓடுதே, அதுலயே மொதல்ல ஏத்தட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! பன்னெண்டு நாள் கணக்கும் போயிடும்!"

"மத்தவங்க கணக்கும் அப்படித்தான் சார்."

ஸ்வெட்டர் பொத்தானை மாட்டியபடி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். பதவியில் நான் அவருக்கு மூன்று படி மேலே. அன்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தது நான்தான்.