பையிலிருந்து நான் எடுத்த குளுக்கோஸ்

என் மகளுக்குப் பதினோரு வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. பதினாறு வயதில் அவளாகவே போய்ப் பளுதூக்கும் பயிற்சியில் சேர்ந்தாள். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் அந்தக் கூடம். நான் எட்டாவது வரை படித்தவன், கன்டெய்னர் யார்டில் வேலை. எனக்குத் தெரிந்த வைத்தியம் அம்மன்தான். போன ஆடியில், மாவட்டப் போட்டியில் அவள் ஜெயிக்க வேண்டும், சர்க்கரையும் இறங்க வேண்டும் என்று பால்குடத்துக்குக் காப்புக் கட்டினேன். குடம் எடுக்கும் வரை வீட்டில் இனிப்பு நுழையாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் பயிற்சி முடிந்து வந்தவள் விரலைக் குத்திப் பார்த்தாள். மீட்டரில் இருநூற்று நாற்பது.

"இன்னா கண்ணு, ஏறிக்கினு கீது?"

"வெயிட்டு ஜாஸ்தியா தூக்கினா அப்டித்தான் நைனா. கொஞ்ச நேரத்துல அதுவே எறங்கிடும், சமயத்துல ரொம்பவும் எறங்கிடும். நீ போய் பூசையப் பாரு."

எனக்கு மனசு ஆறவில்லை. அவள் குளிக்கப் போனதும் பையைத் திறந்தேன். ஷூவுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் குளுக்கோஸ் பொட்டலம். இதைத் தின்றுதான் ஏறுகிறது, என் வேண்டுதலும் இதனால்தான் கெடுகிறது என்று முடிவு கட்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்துப்போய் அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். பொட்டலத்தை அவள் பார்வையில் படாமல் வைத்தபோது ஏதோ புண்ணியம் செய்ததுபோல் இருந்தது.

மறுநாள் பயிற்சிக் கூடத்து மாஸ்டர் போன் செய்தார். ஓடினேன். அவளைத் தரையில் கிடத்தி, வாயில் ஜூஸைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்கள். இடது முழங்கை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"கை நடுங்குதுன்னு சொன்னா அண்ணே," என்றார் மாஸ்டர். "பையக் கொட்டி குளுக்கோஸத் தேடினா, காணோம். உக்காரும்மா, ஜூஸ் வாங்கியாறேன்னு கடைக்கு ஓடினேன். சர்க்கரை எறங்கிட்டா புத்தி தடுமாறும்ல? நான் வர்றதுக்குள்ள வெயிட்டத் தூக்கி தலைக்கு மேல கொண்டுபோயிட்டா."

ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துப் பிளேட் வைத்தார்கள். இனி தலைக்கு மேலே பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். போட்டிக்கு நான்கு நாள் இருந்தது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "குளுக்கோஸ எட்த்து வெச்சேன்னுதான் நெனச்சேன் நைனா. மறந்துட்டேன் போல. என் தப்புதான்," என்றாள்.

"வுடு கண்ணு," என்றேன்.

வேண்டியது வேண்டியதுதான் என்று பால்குடம் எடுத்தேன். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று ஊரே சொன்னது. கோயில் மதில் ஓரமாக உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். பக்தி என்று நினைத்துப் பக்கத்தில் ஒரு அம்மா எனக்கு விபூதி வைத்துவிட்டுப் போனார்.

கட்டுப் பிரித்த அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். பொட்டலத்தையும் கொண்டுவந்து எதிரில் வைத்தேன். அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அதுவே எறங்கும்னு சொன்னேன்ல நைனா. நம்பலன்னா ஒரு தபா கேட்டிருக்கலாம்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கும் எனக்குச் சோறு போட்டாள், வலது கையால் மட்டும்.

இப்போதும் சாயங்காலம் விரலைக் குத்திப் பார்க்கிறாள். "எவ்ளோ கீது கண்ணு?" என்று கேட்கிறேன். முன்பெல்லாம் மீட்டரையே என் கையில் கொடுப்பாள்.

"நல்லா கீது நைனா," என்கிறாள். எண்ணைச் சொல்வதில்லை.