மிளகுப் பையோடு வரும் ராத்தா

உக்குவளையில் கைறுன்னிஸாவுக்கு ஊரெல்லாம் தம்பி தங்கைமார்தான். வயதில் மூத்தவர்கள்கூட, கூடப்பிறந்த அக்காவை அழைப்பதுபோல அவளை "ராத்தா" என்றே அழைப்பார்கள். மொத்த வியாபாரிகளின் ஸ்டோர்களுக்கு மிளகும் கராம்பும் காம்பு பொறுக்கித் துப்புரவாக்கிக் கொடுப்பது அவள் தொழில். ஆனால் அவளைத் தேடி ஆட்கள் வருவது அதற்காக அல்ல. ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தால், மாத்தளை டவுனிலிருந்து பல்லேபொல வரை, டாக்டருக்கு அடுத்தபடியாக அவர்கள் நினைப்பது அவளைத்தான். அங்கே போய் அவள் என்னதான் செய்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

றுஸ்திக்கும் தெரிந்திருக்கவில்லை. அவனுக்கு வீடு உக்குவளையில், துணிக்கடை யட்டவத்தையில். மனைவி மபாஸாவுக்கு மார்பில் புற்று. ஒப்பரேஷன் முடிந்து, கண்டி ஆஸ்பத்திரியில் முதல் தடவை மருந்து ஏற்றியும் ஆகிவிட்டது. செய்தி பரவியதும் ஊர் திரண்டு வந்தது. ஊரின் மனசு தங்கம்; வாய்தான் சரியில்லை. செவ்விளநீரும் பிஸ்கட்டுமாக வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு புற்றுநோய்க் கதையையும் கொண்டுவந்தார்கள். எல்லாக் கதையின் முடிவிலும் அந்த ஆள் மௌத்தாகி அடக்கமும் ஆகியிருப்பார். மபாஸா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். றுஸ்தியோ, "உனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிடும்" என்பதைக் காலையும் மாலையும் மருந்து கொடுப்பதுபோலச் சொல்லிவந்தான்.

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனைவியை மகிழ்விக்க எண்ணி, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே, ஊர்ப் பெண்களை வீட்டுக்கு அழைத்து, சுகம் வேண்டி யாஸீன் ஓத ஏற்பாடு செய்தான். குர்ஆனின் அந்த அத்தியாயத்தை நல்ல தேவைகளுக்கும் ஓதுவார்கள். உயிர் பிரிகிற நேரத்தில் தலைமாட்டிலும் ஓதுவார்கள். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு மபாஸா தூக்கத்திலிருந்து கண்விழித்தபோது, முன்னறையில் பெண்கள் ஒரே குரலாக ஓதிக்கொண்டிருந்தார்கள். அந்த முன்னறையில் அப்படிக் கூட்டமாக ஓதி அவள் கடைசியாகக் கேட்டது, அவளுடைய உம்மா மௌத்தான அன்றைக்கு. மெல்ல எழுந்துபோய் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

டாக்டர் கைவிட்டுவிட்டார், புருஷன் மறைக்கிறான் என்பதுதான் அவளுக்கு விளங்கியது. றுஸ்தி ஆணையிட்டு மறுத்தான். மறுக்க மறுக்க அவள் சந்தேகம் முற்றியது. ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தவனின் வாயிலிருந்து இனி எதைத்தான் நம்புவது? அடுத்த மருந்து ஏற்றும் நாள் நெருங்கியது.

"நான் வரல்ல. போகப்போற உசுர ஏன் வதைக்கிறீங்க?" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

றுஸ்தி ஸ்டோருக்கே போய்க் கைறுன்னிஸா முன்னால் நின்றான். "ராத்தா, அவ மருந்துக்கு வர மாட்டேங்கிறா. நீங்க வந்து புத்தி சொல்லணும்."

"புத்தி சொல்ல எனக்குத் தெரியாது தம்பி. வந்து இருக்கிறேன்."

முதல் நாள் அவள் கராம்புப் பையோடு வந்தாள். அந்த வாசம் பட்டதும் மபாஸாவுக்குக் குமட்டியது. கைறுன்னிஸா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் குளித்து, உடுப்பு மாற்றி, மிளகுப் பையோடு வந்தாள். பாயில் உட்கார்ந்து சுளகில் மிளகைக் கொட்டிக் காம்பு பொறுக்கத் தொடங்கினாள். எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. அசர் பாங்கு சொன்னதும் எழுந்து போனாள். றுஸ்திக்கு எரிச்சல்தான் வந்தது. மிளகு பொறுக்கவா இவளைக் கூப்பிட்டோம்?

அதற்கும் மறுநாள் மபாஸா கட்டிலிலிருந்து இறங்கி, பாயில் உட்கார்ந்து, ஒரு பிடி மிளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாசல் திரைக்குப் பின்னால் றுஸ்தி நின்றிருந்தான். அந்தப் பிடி முடிந்ததும் மபாஸாவின் குரல் கேட்டது.

"ராத்தா, உங்க வீட்டுக்காரருக்கும் இந்த நோய்தானே? அவருக்கும் யாஸீன் ஓதினாங்களா?"

கைறுன்னிஸாவின் புருஷன் அப்துல் ஸமத் தொண்டையில் புற்று வந்து போய்ச் சேர்ந்தவர். ஒரு பொய் சொல்லிவிடுங்கள் ராத்தா என்று றுஸ்தி மனசுக்குள் கெஞ்சினான்.

"ஓதினோம். நான்தான் அவர் தலைமாட்டுல இருந்து ஓதினேன்," என்றாள் கைறுன்னிஸா. "இந்த வீட்டுல ஓத வந்தவங்களோடயும் நான் இருந்தேன். அவருக்கு ஓதினது உசுரு லேசா போகட்டும்னு. உனக்கு ஓதினது நீ எழும்பி வரணும்னு. நாளைக்கு என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது புள்ள. அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பயமா இருக்கா?"

"பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருந்திச்சு. வந்தவங்க எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க. பக்கத்து வீட்டு சரோஜினிதேவி மிஸ் மட்டும் ஒண்ணும் பேசாம எங்க குசினியில உக்காந்து கறிக்குப் போஞ்சிக்காய் நறுக்கினாங்க. அவங்க பக்கத்துலதான் நான் முதல்முதல்ல அழுதேன்." பிறகு திரையைப் பார்த்துச் சொன்னாள்: "தம்பி, அங்க நிக்காம உள்ள வாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்றத விட்டுட்டு, உள்ளத சொல்லுங்க."

றுஸ்தி உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். "டாக்டர் சுகமாகும்னுதான் சொன்னாரு, மபாஸா. எனக்குத்தான் நம்பத் தைரியம் வரல்ல. பயந்துபோய்த்தான் ஓதுறவங்களக் கூப்பிட்டேன். நீ இல்லாட்டி நான்..." அழுதுவிட்டான்.

மபாஸா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமில்லாதவன் போல நடித்தவனைத்தான் அவளால் நம்ப முடியவில்லை; பயந்தவனை நம்ப முடிந்தது. சுளகிலிருந்து ஒரு பிடி மிளகை அள்ளி அவன் முன்னால் வைத்தாள். மூவரும் காம்பு பொறுக்கினார்கள். றுஸ்தி கைறுன்னிஸாவின் விரல்களைப் பார்த்து மலைத்துப்போயிருந்தான். புருஷனைக் கொண்டுபோன அதே நோய் இருக்கும் வீடுகளுக்குள்ளேயே இந்த மனுஷி திரும்பத் திரும்ப நுழைகிறாள். ஒவ்வொரு வாசலிலும் அந்தப் பழைய நாள் அவளுக்கு நினைவு வராமலா இருக்கும்? ஒருத்தியின் நெஞ்சில் இவ்வளவுக்கு இடம் எப்படி இருக்கிறது?

மருந்து ஏற்றக் கண்டிக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் காலையில் மபாஸா அவனைக் கூப்பிட்டாள். "அந்தப் பொம்பளைங்கள திரும்ப வரச் சொல்லுங்க. இந்தமுறை நானும் முன்னறையில இருந்து ஓதுறேன்."

அன்று அசருக்குப் பிறகு றுஸ்தி முற்றத்துப் பலாமரத்தடியில் நின்றான். உள்ளே யாஸீன் தொடங்கியது. அத்தனை குரல்களுக்கு நடுவே மனைவியின் குரலைக் காது கொடுத்துத் தேடினான். தேடவே வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

ஒரு தடவை ஓதி முடித்ததும் கைறுன்னிஸா சொன்னது வெளியே கேட்டது.

"புள்ள மபாஸா, கொஞ்சம் மெதுவா ஓது. எங்களுக்கும் மூச்சு வேணும்."

பெண்கள் சிரித்தார்கள். மபாஸாவும் சிரித்தாள். பிறகு முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினார்கள்.